ஏழு கோப்பைகள் யாருடையவை?

டாம் பிரேடிக்கு 7, ஜோ மான்டானாவுக்கு 4, பெய்டன் மேனிங்குக்கு 2, டான் மரீனோவுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் யார் என்ற வாதம் அந்நாட்டில் எப்போது எழுந்தாலும் முதலில் வந்து நிற்பவை இந்தக் கோப்பைக் கணக்குகளே. அணி வென்ற ஆட்டங்களும் தோற்ற ஆட்டங்களும் குவார்ட்டர்பேக்கின் பெயருக்கு நேரே எழுதப்படுகின்றன. “அவர் இத்தனை ஆட்டங்களை வென்றார்” என்றே வர்ணனையாளர்கள் பேசுகிறார்கள். அவரோடு அதே மைதானத்தில் அடிபட்டு உதைபட்டு ஆடிய மற்றவர்களுக்கு இப்படியொரு கணக்கேடு கிடையாது. 53 பேரின் உழைப்பு ஒருவருடைய பேரேட்டில் வரவு வைக்கப்படுகிறது.

விளையாட்டு ரசிகர்களின் பொழுதுபோக்கு வாதம்தானே என்று இதனைத் தள்ளிவிட முடியாது. இந்த வரவுக் கணக்கின் வழியே நடந்து சென்றால் ஊதியப் பங்கீடு, வேலைநிறுத்தம், நிறவெறி, மூளை சிதைந்து மாண்ட ஆட்டக்காரர்கள் என்று ஒரு தொழிலின் முழு வரலாறும் எதிர்ப்படுகிறது.

மூன்று விநாடி

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இது உலகக் கோப்பைக் கால்பந்து அன்று; ரக்பியிலிருந்து கிளைத்து வளர்ந்த வேறோர் ஆட்டம். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி எதிரணியின் எல்லையை நோக்கிக் கஜம் கஜமாக முன்னேற வேண்டும். எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர், பந்தை உதைக்கும் தருணங்களுக்கு வேறொரு குழு என ஓர் அணிக்குள் மூன்று படைகள் உண்டு. தாக்கும் படையில் நடுநாயகமாக நின்று பந்தைப் பெற்று, யாரிடம் சேர்ப்பது என முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். (இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்த்தால் ‘கால்பங்குப் பின்னாளர்’ போன்ற விபரீதம்தான் கிடைக்கும், ஒலிபெயர்ப்பே மேல்.)

குவார்ட்டர்பேக்கின் முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர். அவரே தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னோக்கி எடுத்துக் கொடுப்பவர். அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு அப்பால் இரண்டு டாக்கிள்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ளவர்கள். பந்து நகர்ந்த நொடியில் எதிரணியின் மல்லர்கள் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தம் உடலால் தடுத்து, குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை அல்லது மூன்று விநாடி அவகாசம் வாங்கித் தருவதே இந்த ஐவரின் வேலை. சாதாரணமாக அவர்கள் எறியப்பட்ட பந்தைப் பிடிக்க விதியே இடங்கொடாது. ஆகையால் மறுநாள் நாளேட்டின் புள்ளிவிவரக் கட்டத்தில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. எறிந்தவர் பெயர் உண்டு, பிடித்தவர் பெயர் உண்டு, அந்த மூன்று விநாடியை உண்டாக்கியவர்களின் பெயர் இல்லை.

கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளரின் ஓட்டங்களை ஓரளவுக்கேனும் அவருடைய சொந்தக் கணக்கு எனலாம். தோற்ற அணியிலும் நூறு எடுத்தவர் நூறு எடுத்தவர்தான். அமெரிக்கக் கால்பந்தில் அப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை. 30 கஜம் பறந்த எறி ஒன்றில் தடுத்த ஐவரும், எதிராளியைத் திசைதிருப்ப வெறுமனே ஓடிய மூவரும், பிடித்த ஒருவரும் கலந்திருக்கிறார்கள். பந்து எதிரணியின் கைக்குப் போய்விட்டாலோ குவார்ட்டர்பேக் ஓரத்தில் போய் அமர்ந்துவிடுகிறார். ஆட்டத்தின் ஏறத்தாழப் பாதி நேரம் அவர் மைதானத்திலேயே இல்லை.

பிரேடியின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2018 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அவர் 505 கஜம் எறிந்தார். அதுவரை எந்த இறுதி ஆட்டத்திலும் யாரும் எட்டாத தொலைவு. அவருடைய நியூ இங்கிலாந்து அணி 41-33 என்று ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. வென்ற அணிக்கு அன்று எறிந்த நிக் ஃபோல்ஸ், காயமுற்றவருக்கு மாற்றாக வந்தவர். அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் பிரேடி எறிந்தது 262 கஜம். டச்டவுன் எறி ஒன்றுகூட இல்லை. ஒரு பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கவும் செய்தார். அணி 13-3 என்று வென்றது. கோப்பைக் கணக்கில் முதல் ஆட்டம் பூஜ்யம், இரண்டாவது ஆட்டம் ஒன்று. எதிரணியை மூன்று புள்ளிக்குள் முடக்கிய தடுப்புப் படையின் வெற்றி பிரேடியின் ஆறாவது கோப்பையாக வரலாற்றில் ஏறியது.

அவருடைய முதல் மூன்று கோப்பைகளும் தலா 3 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. 3 புள்ளி என்பது உதைப்பவர் ஒருமுறை பந்தைக் கம்பங்களுக்கிடையே செலுத்துவதன் மதிப்பு. 2002இல் கடைசி நொடியில் 48 கஜத்திலிருந்து அப்படி உதைத்தவர் ஆடம் வினாட்டியேரி. 2015இல் நான்காவது கோப்பையைத் தீர்மானித்த நொடியில் பிரேடி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டருகே சியாட்டில் அணியின் எறியைப் பாய்ந்து பறித்தவர் மால்கம் பட்லர். புதுமுகத் தேர்வில் எந்த அணியும் எடுக்காதவர். இடையில் துரித உணவுக் கடையில் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், மேலே சொன்ன 41-33 ஆட்டத்தில், பயிற்சியாளர் அவரைத் தடுப்புப் படையில் இறக்கவே இல்லை.

மேனிங்கின் கதை இன்னும் தெளிவானது. 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் டென்வர் அணிக்காக 55 டச்டவுன் எறிகளும் 5,477 கஜமும் குவித்து இரண்டிலும் சாதனை படைத்தார். இறுதி ஆட்டத்தில் சியாட்டில் அணி அவரை 43-8 என்று நசுக்கியது. இரண்டாண்டு கழித்து, உடல் தளர்ந்து, பருவம் முழுவதிலும் 9 டச்டவுன் எறிகளும் எதிரணி பறித்த 17 எறிகளுமாக ஆடிய அதே மேனிங் கோப்பையை ஏந்தினார். டென்வரின் தடுப்புப் படையும் அதன் முன்னணியில் நின்ற வான் மில்லரும் அதனை அவர் கையில் கொடுத்தனர். மிகச் சிறந்த ஆண்டில் தோல்வி, மிக மோசமான ஆண்டில் வெற்றி. இதை வைத்துக்கொண்டு கோப்பை எண்ணிக்கையால் ஆளை அளப்பது எப்படி?

ஆளை மாற்றிப் பார்த்தால்

சமூக நிகழ்வுகளில் ஒரு காரணியை மட்டும் நீக்கிவிட்டுச் சோதித்துப் பார்க்க இயலாது என்பர். இந்த ஆட்டத்தில் காயங்கள் அவ்வப்போது அத்தகைய சோதனையை நடத்திவைக்கின்றன.

2008ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் முறிந்தது. கல்லூரியில்கூட ஓர் ஆட்டத்தையும் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியிராத மாட் கேசல் இடத்தை நிரப்பினார். நியூ இங்கிலாந்து 16 ஆட்டங்களில் 11ஐ வென்றது. 2011இல் கழுத்து அறுவை சிகிச்சையால் மேனிங் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. முந்தைய ஆண்டு 10 ஆட்டங்களை வென்றிருந்த இண்டியானாபோலிஸ் அணி 2 ஆட்டங்களை மட்டுமே வென்று 14இல் தோற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, அப்படியானால் மேனிங்கே பெரியவர் என்று தீர்ப்பெழுதியவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு அவசரமானது. ஒருவரை நம்பி, ஒருவருக்கேற்ப வடிவமைத்து, அவர் இல்லாத நாளுக்கு எந்த ஏற்பாடும் செய்யாத அணி அவர் விழுந்ததும் விழுந்தது. யார் வந்தாலும் இயங்கும்படி கட்டப்பட்ட அணி தொடர்ந்து இயங்கியது. இரண்டு ஆட்டக்காரர்களின் தரத்தைவிட, இரண்டு அமைப்புகளின் தரத்தையே அந்த எண்கள் காட்டுகின்றன. 11 வெற்றிகளையும் முந்தைய பருவத்தில் பிரேடியோடு பெற்ற 16க்கு 16 என்பதோடு சேர்த்தே படிக்கவேண்டும். ஆள் மாறியதற்கும் விலை இருந்தது.

எர்ல் மோரல் என்றொருவர் இருந்தார். தலைசிறந்தோர் பட்டியல் எதிலும் அவர் பெயர் வருவதில்லை. 1968இல் பால்டிமோர் அணியின் ஜானி யூனிடாஸ் காயமுற்றபோது அவ்விடத்தில் இறங்கி 14 ஆட்டங்களில் 13 வெற்றி கண்ட அணியை நடத்தினார்; அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். 1972இல் மயாமி அணியின் பாப் கிரீசி கால் முறிந்து கிடந்தபோது, 38 வயதில், அதே வேலையை மறுபடியும் செய்தார். அந்த மயாமி அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் 17க்கு 17 வென்றது. வேறெந்த அணியும் இன்றுவரை முழுப் பருவத்தையும் கோப்பையையும் அப்படித் தோல்வியின்றி முடித்ததில்லை. நல்ல அணி கிடைத்தால் ‘இரண்டாந்தர’ ஆட்டக்காரர் என்ன செய்வார் என்பதற்கு மோரல் சான்று.

மோசமான அணி கிடைத்தால் முதல்தர ஆட்டக்காரர் என்ன ஆவார் என்பதற்கு ஸ்டீவ் யங் சான்று. 1985, 1986 ஆண்டுகளில் டாம்பா பே அணியில் அவர் தொடங்கிய 19 ஆட்டங்களில் 3 வெற்றி, 16 தோல்வி. இவர் தேறமாட்டார் என்று அவ்வணி அவரை விற்றது. வாங்கிய சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் வால்ஷ் வகுத்த ஆட்டமுறை இருந்தது, ஜெர்ரி ரைஸ் இருந்தார். மான்டானாவின் நிழலில் சில ஆண்டுகள் காத்திருந்த யங், 1995 ஜனவரி இறுதி ஆட்டத்தில் 6 டச்டவுன் எறிகள் எறிந்தார். டாம்பா பேயிலேயே தங்கியிருந்தால் இன்று அவர் பெயரை யார் அறிவார்? 17 ஆண்டுகள் மயாமிக்கு ஆடி, 1984இலேயே 5,084 கஜமும் 48 டச்டவுன் எறிகளும் கண்ட மரீனோ, எட்டிய ஒரே இறுதி ஆட்டத்தில் மான்டானாவின் அணியிடம் 38-16 என்று தோற்றார். அந்த 38 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது மரீனோவின் கை அன்று.

ஆயினும் ஆள் முக்கியமே இல்லை என்று எதிர்க்கோடிக்குத் தாவுவதும் தவறு. 2019இல் டாம்பா பே அணியின் குவார்ட்டர்பேக் 30 எறிகளைப் பறிகொடுத்தார். அணி 7 ஆட்டங்களை வென்றது. 2020இல் 43 வயது பிரேடி அங்கே வந்தார். அணி கோப்பையை வென்றது. அவர் விட்டுவந்த நியூ இங்கிலாந்து அதே பருவத்தில் 7 வெற்றிகளோடு நின்றது. இதனை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தை உற்றுப் பார்க்கவேண்டும். டாம்பா பேயின் நான்கு டச்டவுன்களில் இரண்டு ராப் கிரான்கௌஸ்கியுடையவை, ஒன்று அன்டோனியோ பிரவுனுடையது, ஒன்று லெனார்டு ஃபோர்னெட்டுடையது. மூவரும் அந்த ஆண்டுதான் அணிக்கு வந்தவர்கள். கிரான்கௌஸ்கி பிரேடிக்காகவே ஓய்விலிருந்து திரும்பியவர். எதிரே இருந்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். அவருடைய இரண்டு முதன்மை டாக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. கிடைக்கவேண்டிய மூன்று விநாடி அன்று அவருக்கு ஒருமுறைகூட முழுதாகக் கிடைத்ததாகத் தோன்றவில்லை. அவருடைய கன்சாஸ் சிட்டி அணி ஒரு டச்டவுனும் பெறாமல் 31-9 என்று தோற்றது. அடுத்த பருவத்துக்குள் அவ்வணி ஐந்து காப்பாளர்களையும் மாற்றிப் புது வரிசை அமைத்தது. 2023இலும் 2024இலும் கோப்பைகள் வந்தன. 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அந்த வரிசையை உடைத்து அவரை ஆறு முறை தரையில் சாய்த்தபோது 40-22 என்று மீண்டும் தோல்வி. மஹோம்ஸ் அதே மஹோம்ஸ்தான்.

பலர் சேர்ந்து உழைக்கும்போது அவர்களின் தனித்தனி ஆற்றல்களின் கூட்டுத்தொகைக்கும் மேற்பட்ட புதிய ஆற்றல் பிறக்கிறது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் கூட்டுழைப்பு பற்றிய அத்தியாயத்தில் காட்டினார். இசைக்குழுவுக்கு ஒரு நடத்துநர் தேவை என்பதையும் அவர் அங்கேயே ஏற்கிறார். குவார்ட்டர்பேக் அத்தகைய நடத்துநர். அவருடைய வேலை மெய்யானது, கடினமானது, அரிய திறமை கோருவது. கோளாறு அந்த வேலையில் இல்லை. புதிதாகப் பிறந்த ஆற்றல் முழுவதையும் அவருடைய தனிச்சொத்தாக எழுதும் கணக்கேட்டில் இருக்கிறது.

பங்கு பிரிப்பவர் யார்?

இக்கணக்கேடு பணமாக மாறும் இடம் ஊதிய ஒப்பந்தம். 2024இல் தேசியக் கால்பந்து லீக்கின் 32 அணிகளுக்கும் தலா 25.54 கோடி டாலர் ஊதிய உச்சவரம்பு. அவ்வாண்டு டாலஸ் அணியின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர். புதிதாகச் சேரும் ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஊதியம் 7,95,000 டாலர். ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே 75 மடங்கு வேறுபாடு.

இந்த வேறுபாட்டைக் கண்டு குவார்ட்டர்பேக்மீது கோபம் கொள்வதுதான் உச்சவரம்பு விரிக்கும் வலை. வரம்புக்குள் ஒருவர் ஒரு டாலர் கூடுதலாகப் பெற்றால் அது முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. இன்னொரு ஆட்டக்காரரின் பங்கிலிருந்து வருகிறது. பிரேடி பல ஆண்டுகள் சந்தை விலைக்குக் குறைவாக ஒப்பந்தம் செய்து, மிஞ்சிய தொகையில் நல்ல துணைவர்களைச் சேர்க்க வழிவிட்டார் என்பதைப் பெருந்தன்மையாகப் போற்றுகிறார்கள். பெருந்தன்மைதான். தம் பங்கைக் குறைத்துக்கொள்ளுமாறு அணி உரிமையாளரை யாரும் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

உரிமையாளர்களின் வரவு செலவு வெளியே தெரியாது. ஒரே ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கிறது. கிரீன் பே நகரத்து அணிக்குத் தனி முதலாளி இல்லை. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எளிய பங்குதாரர்கள், யாருக்கும் ஈவுத்தொகை கிடையாது. (இப்படியோர் ஏற்பாட்டை வேறெந்த நகரமும் பின்பற்ற லீக்கின் இன்றைய விதிகள் அனுமதிப்பதில்லை.) அவ்வணி ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2023ஆம் பருவத்தில் தொலைக்காட்சி முதலான பொது வருவாயிலிருந்து ஒவ்வோர் அணிக்கும் கிடைத்த பங்கு 40 கோடி டாலருக்கும் மேல். உள்ளூரில் ஒரு நுழைவுச்சீட்டு விற்பதற்கு முன்பே வந்துவிட்ட பணம் இது. அந்தப் பருவத்தின் ஊதிய உச்சவரம்பு 22.48 கோடி. மருத்துவம், ஓய்வூதியம் போன்றவை இதற்கு வெளியே இருப்பினும், எஞ்சுவது யாரிடம் எஞ்சுகிறது என்பது தெளிவு.

ஆட்டக்காரர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். 1982இல் அவர்களுடைய சங்கம் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த வருவாயில் 55 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கு வேண்டும், அதனைப் பணிமூப்பை அடிப்படையாகக் கொண்ட ஊதிய விகிதப்படி பகிரவேண்டும் என்பது கோரிக்கை. அதாவது, எறிபவருக்கும் தடுப்பவருக்கும் ஒரே அளவுகோல். அது நிறைவேறவில்லை, பணி ஆண்டுகளுக்கேற்ற குறைந்தபட்ச ஊதியமும் பிரிவுத்தொகையும் மட்டும் கிடைத்தன. அப்போது சங்கத் தலைவராக இருந்த ஜீன் அப்ஷா ஓக்லண்டு அணியின் கார்டு, அதாவது புள்ளிவிவரக் கட்டத்தில் பெயர் வராத ஐவரில் ஒருவர். (ஓய்வுபெற்றோரின் ஊனநலன் விஷயத்தில் பின்னாளில் அவரே கடும் கண்டனத்துக்கு ஆளானார் என்பதையும் சொல்லவேண்டும்.)

1987 வேலைநிறுத்தம் 24 நாள் நடந்தது. உரிமையாளர்கள் கூலிக்கு மாற்று ஆட்டக்காரர்களை இறக்கி மூன்று வார ஆட்டங்களை நடத்தினர். மறியல் கோட்டைக் கடந்து உள்ளே சென்ற சங்கத்து ஆட்டக்காரர்களில் ஜோ மான்டானாவும் ஒருவர். இறுதி ஆட்டங்கள் நான்கில் ஒரு பந்தையும் பறிகொடுக்காத அதே மான்டானா. தலைசிறந்தோர் பட்டியல் தயாரிப்பவர்கள் இதனை எந்தப் பத்தியிலும் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டுத் தொழிற்சங்கத் தோழர்கள் இத்தகைய செயலுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சங்கத்து ஆட்டக்காரர் ஒருவர்கூட மறியலைக் கடக்காத அணி ஒன்றே ஒன்று, வாஷிங்டன். (அவ்வணி அன்று தாங்கியிருந்த பெயர் அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவுபடுத்துவது, 2020இல்தான் கைவிடப்பட்டது.) அந்தப் பருவத்தின் கோப்பையை 42-10 என்று வென்றது அவ்வணியே. ஒற்றுமைக்குக் கிடைத்த பரிசு என்று உடனே எழுதிவிடக் கை துறுதுறுக்கும். வரலாறு அவ்வளவு வசதியாக அமையவில்லை. வாஷிங்டன் பெயரில் இறங்கிய மாற்று ஆட்டக்காரர்களும் மூன்று ஆட்டங்களையும் வென்று கொடுத்திருந்தார்கள்; கடைசி ஆட்டத்தில், மறியலைக் கடந்து வந்த நட்சத்திரங்கள் பலரைக் கொண்ட டாலஸ் அணியையே 13-7 என்று தோற்கடித்தார்கள். பெயர் தெரியாதவர்கள் சேர்ந்து பெயர் பெற்றவர்களை வென்ற அந்த ஆட்டம் உரிமையாளர்களுக்கே பயன்பட்டது. அந்த மாற்று ஆட்டக்காரர்களுக்கு வெற்றி மோதிரம் கிடைத்தது 2018இல்.

அந்த இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ், சூப்பர் பவுலில் அவ்விடத்தில் ஆடத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர். இரண்டாம் கால்பகுதியில் மட்டும் 4 டச்டவுன் எறிகள். அதற்கு முன் டாம்பா பேயில் இருந்தபோது மற்ற அணிகளின் மாற்றுக் குவார்ட்டர்பேக்குகள் பலரைவிடக் குறைந்த ஊதியம் பெற்றவர் அவர். குவார்ட்டர்பேக், சென்டர் போன்ற ‘சிந்திக்க வேண்டிய’ இடங்கள் வெள்ளையருக்கே என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதி. கல்லூரியில் அவ்விடத்தில் ஒளிவிட்ட கறுப்பின இளைஞர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அப்படி மாற மறுத்த வாரன் மூன் 1978இல் கனடாவுக்குப் போய் அங்கே 5 கோப்பைகள் வென்ற பின்னரே சொந்த நாட்டு லீக் அவரை அழைத்தது. தலைசிறந்த குவார்ட்டர்பேக் யார் என்று 1970களைப் பற்றிக் கேட்பவர்கள், அந்தப் போட்டியில் யாரை நிற்கவே விடவில்லை என்பதையும் கேட்கவேண்டும். இறுதி ஆட்டத்தில் இரு பக்கமும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் தொடங்கியது 2023இல்தான் முதல்முறை.

நட்சத்திரங்கள் எல்லாரும் மான்டானாவின் வழியில் போனவர்கள் அல்லர். 2011இல் உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தபோது அதனை எதிர்த்த வழக்கின் பத்து வாதிகளில் பிரேடி, மேனிங், டுரூ பிரீஸ் ஆகிய மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தனர். வழக்குக்குப் பெயரே பிரேடியின் பெயர்தான். அவருக்குக் காப்பாளராக நின்ற கார்டு லோகன் மேன்கின்ஸும், அப்போது லீக்கில் இன்னும் சேராத வான் மில்லரும் அந்தப் பத்துப் பேரில் உண்டு. வேலை இழந்தால் ஒன்றும் குறைந்துபோகாத நிலையில் இருந்தவர்கள் தங்கள் பெயரைக் கடனாகக் கொடுத்தார்கள். அவ்வாண்டு உருவான உடன்பாட்டில் உடலோடு உடல் மோதும் பயிற்சி நாள்கள் குறைக்கப்பட்டன. அதனால் அதிகப் பயன் அடைந்தவர்கள் முன்வரிசைக் காப்பாளர்கள். பிரேடியையும் மான்டானாவையும் ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால் 7க்கும் 4க்கும் உள்ள வேறுபாட்டைவிட 2011க்கும் 1987க்கும் உள்ள வேறுபாடு பெரியது.

பந்தை எடுத்துக் கொடுத்தவர்

1970களில் நான்கு கோப்பைகள் வென்ற பிட்ஸ்பர்க் அணியின் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா. அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்த சென்டர் மைக் வெப்ஸ்டர், அந்த நான்கு கோப்பைகளின்போதும் அணியில் இருந்தவர். மொத்தம் 17 பருவங்கள் ஆடியவர். பிராட்ஷா ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற முகமானார். வெப்ஸ்டர் நினைவு குழம்பி, குடும்பம் சிதறி, சில காலம் தம் வண்டியிலேயே உறங்கித் திரிந்தார். இருவருக்கும் பகை ஏதும் இல்லை. 1997இல் வெப்ஸ்டர் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது அவரை மேடையில் அறிமுகம் செய்தவர் பிராட்ஷாதான். தலையில் பட்ட அடிகளின் விளைவைப் பின்னாளில் பிராட்ஷாவும் வெளிப்படையாகப் பேசினார்.

2002 செப்டம்பரில் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க் பிணக்கூற்று ஆய்வகத்தில் பணியாற்றிய நைஜீரிய நாட்டு மருத்துவர் பென்னட் ஒமாலு அந்த மூளையை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் உண்டாகும் நாள்பட்ட மூளைச் சிதைவு நோயைக் கண்டறிந்தார். 2005இல் அவ்வாய்வு வெளிவந்தபோது லீக்கின் மருத்துவக் குழுவினர் அதனைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் காப்பு வரிசையில் நிற்பவரின் தலை எதிராளியின் தலையோடு மோதுகிறது. ஓர் ஆட்டத்தில் 60, 70 முறை. குவார்ட்டர்பேக்கின் மூன்று விநாடி இந்த மோதல்களால் செய்யப்பட்டது. வெப்ஸ்டருக்கு உரிய ஊனத்தொகைக்காக வழக்காடிய குடும்பத்துக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தது 2006இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆன பின்னர்.

ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2015இல் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதிலும் ஒரு சூது இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவாற்றல் இயல்பிலேயே குறைந்த நிலையிலிருந்து தொடங்குவதாகக் கொண்டு இழப்பை மதிப்பிடும் முறையை அந்த ஏற்பாட்டின்கீழ் பயன்படுத்தினார்கள். அதன்படி, அதே அளவு பாதிக்கப்பட்ட கறுப்பினத்தவருக்கு இழப்பீடு கிடைப்பது கடினமாயிற்று. முன்னாள் ஆட்டக்காரர்களும் அவர்களின் குடும்பத்தினரும் போராடியதால் 2021இல் அதனைக் கைவிட ஒப்புக்கொண்டனர்.

வெப்ஸ்டர் இறந்த அதே மாதத்தில் இறந்தவர் ஜானி யூனிடாஸ். 1955இல் பிட்ஸ்பர்க் அணி வேண்டாம் என்று அனுப்பியபோது கட்டட வேலை செய்துகொண்டு, ஆட்டத்துக்கு 6 டாலர் கூலியில் உள்ளூர் அணிக்கு ஆடியவர். பின்னர் பால்டிமோரில் தம் தலைமுறையின் ஈடற்ற குவார்ட்டர்பேக் ஆனவர். அவர் பெயர் இல்லாத பட்டியலே கிடையாது. கடைசி ஆண்டுகளில் எறிந்த அந்த வலக்கை விரல்களால் ஒரு பொருளைப் பற்றிப் பிடிக்க முடியவில்லை. ஊனத்தொகை கேட்ட அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

யூனிடாஸின் எறிகளைப் பிடித்தவர்களில் ஒருவர் ஜான் மாக்கி. 1971 ஜனவரி இறுதி ஆட்டத்தில் 75 கஜம் கடந்து டச்டவுன் எடுத்தவர். 1970இல் ஒன்றிணைந்த ஆட்டக்காரர் சங்கத்தின் முதல் தலைவராகி வேலைநிறுத்தத்தை நடத்தினார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை இன்னோர் அணி எடுத்தால் பழைய முதலாளிக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்ற விதியை எதிர்த்து அவர் பெயரில் நடந்த வழக்கு 1976இல் வென்றது. பின்னாளில் ஆட்டக்காரர்கள் சுதந்திரமாக அணி மாறும் உரிமையைப் பெற்றதற்கும், குவார்ட்டர்பேக்குகள் கோடிகளில் பேரம் பேச முடிந்ததற்கும் அந்த வழக்கே முதற்படி. ஆட்டத்தை விட்டு 20 ஆண்டுகள் கழித்து, 1992இல்தான் அவரைப் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள்.

பின்னர் மாக்கிக்கு நினைவு அழியத் தொடங்கியது. மருத்துவக் காப்பீட்டுக்காக அவருடைய மனைவி சில்வியா 50 வயதுக்கு மேல் விமானப் பணிப்பெண் வேலைக்குச் சேர்ந்தார். கணவரின் நிலையை விவரித்து லீக்கின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அதன் பின்னர், 2007இல், நினைவிழப்பு நோயுற்ற முன்னாள் ஆட்டக்காரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தரும் திட்டத்தை லீக்கும் சங்கமும் சேர்ந்து தொடங்கின. எறிந்தவர், பிடித்தவர், தடுத்தவர் என்ற பாகுபாடு அதில் இல்லை. 88 திட்டம் என்று அதற்குப் பெயர். மாக்கியின் சட்டை எண் அது. 2011இல் அவர் இறந்தார்.